கர்ட் அல்ல, லகோனிக்

போத்தனூரில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது சக ஆசிரியர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். "மரகதம் மேடம் போயிட்டாங்க" என்றார். ரயிலை விட்டுவிட்டு மேடத்தின் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் அவரோடு இருந்தவர்களுக்கு அவருடைய பேச்சு மறக்காது. ஆசிரியர் அறைக்குள் அவருக்கு முன்பே அவர் குரல் வந்துவிடும். காய்ச்சலில் படுத்திருந்தவரை நலம் விசாரிக்கப் போனால், நம் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, நமக்கும் கஷாயம் சொல்லி அனுப்புவார்.

அவ்வளவு பேசியவர், பேசவே பேசாத ஒரு மாணவிக்காக நின்றதை நான் நேரில் பார்த்தேன்.

செல்வி அன்னூர்ப் பக்கத்துப் பெண். பெற்றோர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மேற்படிப்பில் சேர முதல்வரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. முதல்வர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் 'யெஸ்', 'நோ' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். கடிதத்தில் அவளைக் 'கர்ட்' என்று எழுதிவிட்டார் அவர். மரியாதையில்லாமல் வெடுக்கென்று பதில் சொல்பவள் என்று அர்த்தம்.

மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார்.

"கர்ட்டுன்னு போட்டிருக்கீங்களே சார், அதப் படிச்சா யாருங்க சீட்டுக் குடுப்பாங்க?"

"ஒத்தை வார்த்தைக்கு மேல வாயே தொறக்கலையேம்மா அந்தப் பொண்ணு!"

"தமிழ்ல கேட்டிருந்தா 'ஆமாங்க சார்', 'இல்லீங்க சார்'னு சொல்லியிருக்குமுங்க. இங்கிலீஷ்ல அந்த 'ங்க'வக் கொண்டுபோய் எங்கீங்க சார் ஒட்டறது?"

முதல்வர் சிரித்துவிட்டார். மேடம் விடவில்லை. "அளந்து பேசறவங்களுக்கு 'லகோனிக்'னு வார்த்தை இருக்குதுங்க. அதுல மரியாதைக்கொறச்சல் இல்லீங்க. ஒருக்காக் கூப்பிட்டுத் தமிழ்ல கேட்டுப் பாருங்க சார்."

செல்வியை அழைத்தார்கள். ஏன் மேலே படிக்க வேண்டும் என்று முதல்வர் தமிழில் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "டீச்சராகோணுங்க சார். எங்க ஊர்ப் புள்ளைக இங்கிலீஷ்னாலே பயந்துக்கறாங்க. எனக்கு அந்தப் பயம் தெரியுமுங்க."

முதல்வர் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு கடிதத்தைப் புதிதாக எழுதினார். வெளியே வந்ததும் மேடம் அவள் தோளைத் தட்டி, "இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வெச்சிருந்த கண்ணு?" என்றார். செல்விக்கு இடம் கிடைத்தது. இன்று சோமனூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை.

இப்போதெல்லாம் ஒரு மாணவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தால், அவர் இப்படிப்பட்டவர் என்று சொல்லும் சொல் வருகிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். மரகதம் மேடம் எனக்கு விட்டுப்போனது இந்தத் தயக்கம்.