தேருக்குப் பின்னால் ஒரு டர்போ

பெங்களூர் மர்ஃபி டவுன் பக்கம் யாராவது பிக்கப் வண்டி வாங்க நினைத்தால், ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ரெமிஜியஸ் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். காய்கறி மண்டிக்காரர் வருவார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வருவார், பந்தல் போடுகிறவர் வருவார். ரெமிஜியஸ் அவர்களை உட்கார வைத்து, மனைவி பவுலினிடம் காப்பிக்குச் சொல்லிவிட்டு, பாடத்தை ஆரம்பிப்பார்.

"பவர் வேற, இழுவை வேற, தெரிஞ்சுக்கங்க. பவர்ங்கிறது வண்டி ஓடறதுக்கு. இழுவைங்கிறது லோடு நகர்றதுக்கு. இது ரெண்டும் இருந்துட்டா டீசல் குடிக்கும், மைலேஜு போயிடும். மூணும் ஒரே எஞ்சின்ல அமையணும்னா அதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்."

வந்தவர் தலையாட்டுவார். காப்பி ஆறிப்போகும். கடைசியில் ரெமிஜியஸ் சொன்ன வண்டியைத்தான் வாங்குவார், வாங்கியவர் யாரும் குறை சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்த இந்த மனிதர் மட்டும் ஒரு கிழட்டு வேனை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். கேட்டால், "பார்த்துக்கிட்டே இருக்கேன், இன்னும் மனசுக்குப் புடிக்கல" என்பார். நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய தொழில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது. தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்தார். கரண்ட் போகாமல் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்தால் பெங்களூரில் அதுவே பெரிய அதிசயம் என்றிருந்த காலம். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின்மேல் ஜெனரேட்டரை ஏற்றிப் பூட்டி, வேனுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போவார். முதலில் கல்யாணங்களும் பிறந்தநாள்களும்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிகள் முளைத்த பிறகு கட்டிடத் திறப்பு விழாக்களும் சேர்ந்துகொண்டன. கூட்டத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் சமையற்கட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். குழந்தை மூச்சு விடுவதைத் தாய் கேட்கிற மாதிரி என்று பவுலின் கேலி செய்வதுண்டு.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு வேலையில். செப்டம்பரில் பங்குக் கோவிலில் மாதா திருவிழா. அன்று மாலை மாதாவின் சொரூபத்தை வைத்த தேரை, சீரியல் விளக்குகள் ஜொலிக்க, ஆட்கள் வடம் பிடித்துத் தெருத்தெருவாக இழுப்பார்கள். தேருக்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் ஜெனரேட்டர். அதிலிருந்து தேருக்குப் போகும் கேபிளைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு நண்பர் டெஸ்மண்ட் பக்கவாட்டில் நடப்பார். அந்த வேலைக்கு ரெமிஜியஸ் வாடகை வாங்குவதில்லை. அது தன் இடம் என்று நினைத்திருந்தார். கோவிலில் சிலருக்குப் பாடல் குழுவில் ஒரு இடம், சிலருக்கு முதல் பெஞ்சில் ஒரு இடம். அவருக்குத் தேருக்குப் பின்னால்.

போன வருஷம் அந்த இடத்துக்கே ஆபத்து வந்தது. கோவிலுக்குத் திரும்பும் கடைசித் தெரு நல்ல ஏற்றம். அதில் கிழட்டு வேன் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. தேரோ நிற்கவில்லை. ஏற்றத்தில் தேரை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் வடம் பிடித்தவர்கள் நிறுத்தவும் மாட்டார்கள். கேபிள் பிடுங்கிக்கொண்டது. ஜெபமாலையில் முழுசாக பத்து மணியையும் உருட்டி ஜெபம் சொல்லி முடிகிற வரைக்கும் மாதா இருட்டில் போனார். ரெமிஜியஸ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஜூலையிலேயே பங்குப் பேரவைச் செயலாளர் லாயிட் வீட்டுக்கு வந்துவிட்டார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"ரெமி அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வைட்ஃபீல்ட்ல ராஜேந்திரன்னு ஒருத்தர் இருக்காரு. சத்தமே போடாத புது ஜெனரேட்டரு, அத இழுக்கப் புது வண்டி. அவரும் ஃப்ரீயா பண்றேங்கிறாரு, ஒரு வேண்டுதலாம். மீட்டிங்ல பேச்சு வந்துச்சு. இந்த ஒரு வருஷம் உங்களுக்கே குடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். லைட்டு இன்னொரு தடவ போச்சுன்னா, அப்புறம் என் கையில இல்ல."

அவர் போன பிறகு ரெமிஜியஸ் வாசலுக்குப் போய்க் கிழட்டு வேனின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பவுலின் பின்னாலேயே வந்தார்.

"ஊருக்கெல்லாம் எஞ்சின் பார்த்துக் குடுத்தீங்கல்ல? இப்பவாச்சும் நமக்கு ஒண்ணு பாருங்க."

ரெமிஜியஸ் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வண்டிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. ஒன்று டர்போ வைத்தது, இன்னொன்று டர்போ இல்லாத சாதா எஞ்சின். இரண்டும் அவர் சொல்லி மற்றவர்கள் வாங்கியவைதான் என்பதால், இரவல் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, டெஸ்மண்டையும் கூட்டிக்கொண்டு, பின்னால் ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ஓசூர் ரோட்டில் இறங்கினார். அடுத்த ஞாயிறு இன்னொரு வண்டி.

மைலேஜ் பார்க்க அவரிடம் ஒரு பழைய முறை இருந்தது. ஒரு லிட்டர் டீசலை பாட்டிலில் ஊற்றி வண்டிக்குள்ளேயே வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயைத் தொட்டியிலிருந்து பிடுங்கிப் பாட்டிலில் விடுவது. மீந்த டீசல் திரும்பி வரும் குழாயையும் மறக்காமல் அதே பாட்டிலில் விட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கந்தலாகிவிடும். பாட்டில் காலியாகி வண்டி நிற்கிற இடம்தான் தீர்ப்பு. பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு உட்காருவது டெஸ்மண்டின் பொறுப்பு.

"டேய் ரெமி, பேண்ட்டெல்லாம் டீசல்டா. சர்ச்சுக்குப் போட்டுட்டு வந்த பேண்ட்டு."

"ஆட்டாதடா. ஆட்டினா ஏர் புடிக்கும்."

சில்க் போர்டிலிருந்து கிளம்பிய சாதா வண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வாசலிலேயே மூச்சை விட்டது. டர்போ அதையும் தாண்டி, பொம்மசந்திரா வரைக்கும் போய்த்தான் நின்றது. வழியில் வந்த ஏற்றங்களில் சாதா வண்டி மூன்றாவது கியருக்கு இறங்கி முனகியது. டர்போ நாலாவது கியரிலேயே, பின்னால் ஒரு ஜெனரேட்டர் தொங்குகிறது என்ற நினைப்பே இல்லாமல் ஏறியது. லாரிகளையெல்லாம் ஓரங்கட்டியது. ரெமிஜியஸுக்குத் தலைகால் புரியவில்லை. குழாயை மறுபடி தொட்டியில் மாட்டி, சும்மாவே அத்திபெலே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, தெரியாதவர்களிடமெல்லாம் டர்போ பெருமை பேசினார். அந்த ஊரில் தமிழ் எல்லோருக்கும் புரியும் என்பதால் யாரும் தப்பிக்க முடியவில்லை.

"பவரு, இழுவை, மைலேஜு. மூணும் ஒரே எஞ்சின்ல அமைஞ்சிருச்சு பவுலி!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

ஆகஸ்டில் வெள்ளை டர்போ வாசலுக்கு வந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். நாலு வருஷம் யோசித்தவர் நாலு தெரு கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பவுலினும் முன் சீட்டில் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தார்.

திருவிழா வந்தது. மாலை மங்கியதும் மணி அடித்தது, தேர் நகர்ந்தது. நீலப் புடவை கட்டிய பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள், பவுலின் அவர்களில் ஒருவர். தேருக்கும் பெண்கள் கூட்டத்துக்கும் நடுவில் புத்தம்புது டர்போ. ரெமிஜியஸ் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார். அரைத் தெரு போவதற்குள் அவர் மூன்று தடவை பிரேக்கை மிதித்துவிட்டார்.

ஆட்கள் இழுக்கும் தேர் நடையைவிட மெதுவாகப் போகும். வீட்டுக்கு வீடு மாலை வாங்க நிற்கும், மறுபடி நகரும். கிழட்டு வேனின் முதல் கியர் அதற்கென்றே பிறந்தது மாதிரி ஊர்ந்து போகும். புது வண்டியோ முதல் கியரில் சும்மா விட்டாலே தேரை முட்டப் பாய்ந்தது. அதனால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் டர்போ தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், மிதித்தால் மாதாவை இடிக்க வேண்டும். ஓசூர் ரோட்டில் அறுபதில் பறந்து பார்த்தவர், தான் வண்டி வாங்குவதே நடக்கிறவர்களுக்குப் பின்னால் ஊர்வதற்கு என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. எஞ்சின் பற்றிப் பேசப் பேச இனிக்கும் மனிதருக்குத்தான் இப்படிக் கோட்டை விட முடியும்.

கடைசித் தெரு ஏற்றம் வந்தபோது கிளட்சிலிருந்து தீய்ந்த நாற்றம் கிளம்பிவிட்டது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது, வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்ச் தீர்ந்துபோயிருந்தது.

"ரெமி! தேர் போயிட்டே இருக்கு!" டெஸ்மண்ட் தோளிலிருந்த கேபிள் சுருளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே கத்தினார்.

ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் வண்டியைத் தட்டிக் கன்னடத்தில் கத்தினார். "காடி ஸைடுகே ஹாக்ரீ!"

ஓரம் கட்டுவதற்கு வண்டி நகர்ந்தால்தானே! இந்த வருஷம் ரெமிஜியஸ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்க்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, குதித்து இறங்கி, டிரெய்லர் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுத்து, கொக்கியின் பின்னைப் பிடுங்கினார். புது வண்டியைத் தெருநடுவில் அநாதையாக விட்டுவிட்டு, ஜெனரேட்டரின் இழுவைக் கம்பியைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு ஆள் இழுத்து அது நகருமா? நெற்றி நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

பின்னாலிருந்து பவுலினின் குரல் கேட்டது. "பாத்துட்டு நிக்கிறீங்களே! வாங்கக்கா, கை குடுங்க! ஜெபத்த நிறுத்தாதீங்க, சொல்லிட்டே தள்ளுங்க!"

நீலப் புடவைகள் மொத்தமும் ஜெனரேட்டரைச் சூழ்ந்தன. மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். ஜெனரேட்டர் அசைந்தது, நகர்ந்தது, டர்போவைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. டெஸ்மண்டின் தோளில் கடைசிச் சுருள் மட்டும் பாக்கியிருந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்து இழுவைக் கம்பியைப் பிடித்தார்.

"அண்ணா, நீங்க விடுங்க. இதுக்கு பேலன்ஸ் எனக்குத் தெரியும், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நான்தான் ராஜேந்திரன்."

ரெமிஜியஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் இடத்தைப் பறிக்க வந்தவர் என்று இரண்டு மாதமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள். அந்த ஆள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இழுத்துக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் ஒரு அடி ஒதுங்கினார். கம்பியை விட்டார்.

விட்ட பிறகு கைக்கு வேலை இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் திருவிழா அன்று அவர் சும்மா நின்றார். ஜெனரேட்டரைத் தள்ளியபடியே அவரைத் தாண்டிப் போன பவுலின், மூச்சு வாங்கிக்கொண்டு அதட்டினார்.

"இங்க என்ன நிக்கிறீங்க? முன்னாடி போய் எல்லா லைட்டும் எரியுதான்னு பாருங்க!"

அவர் ஓடினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு, வடம் பிடித்தவர்களையும் தாண்டி, தேருக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். இத்தனை வருஷமும் அவர் பார்த்ததெல்லாம் தேரின் முதுகு. பலகை, ஆணி, ஒயர் முடிச்சு. விளக்குப் போட்டவர் தன் விளக்கை முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. கோவிலுக்குள் பகலில் பார்க்கும்போது மாதா கொஞ்சம் சோர்ந்த முகமாக இருப்பார். இப்போது அத்தனை விளக்கும் கீழிருந்து மேலே விழ, கன்னம் மலர்ந்து, உதட்டோரம் விரிந்து, தன்னையே பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தார்.

லாயிட் வேர்த்து விறுவிறுக்கப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, லைட்டு போகல. சொன்ன சொல்லு சொல்லுதான், அடுத்த வருஷமும் நீங்கதான். ஆனா அந்த டர்போவ மட்டும் வீட்லயே விட்டுட்டு வாங்க. ஜெனரேட்டருக்கும் ஒரு வடம் கட்டிடுவோம், ஜனங்களே இழுக்கட்டும்."

ரெமிஜியஸ் காதில் எதுவும் விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு லாயிட்டின் கையைப் பிடித்து இழுத்தார்.

"லாயிட், அங்க பாருப்பா. மாதா சிரிக்கிறாங்க!"

லாயிட் தேரைப் பார்த்தார், ரெமிஜியஸைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே வர்றாங்க. நீங்கதான் பின்னாடி இருந்தீங்க."