ஆடிட்டுக்காகத் திறந்த அறை

தம்பி மகளுக்கு மூன்றரை வயது. போன வாரம் அவளுடைய ப்ளே ஸ்கூலில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்கள். மேலே ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர். பிரித்தால் உள்ளே சதுரம் சதுரமாக வெட்டிய பனியன் துணி. வேறு ஏதோ மாநிலத்தில் பொதிந்து, பளபளக்கும் உறையில் வந்திருக்கிறது. நான் இருப்பது திருப்பூரில். ஒரு காலத்தில் இங்கே மழை பெய்தால் சாக்கடையை அடைத்ததே பனியன் துணிதான். அதையே காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு நாங்கள் முன்னேறிவிட்டோம் என்பதை உங்களுக்குப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கூடவே ஒரு குறிப்பு. குழந்தை தன் விருப்பம்போல் ஒட்டி விளையாடட்டும், பெற்றோர் தலையிட வேண்டாம், மாதிரிப் படம் இணைக்கப்பட்டுள்ளது. மாதிரியில் ஒரு மயில். வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளும் அவரவர் விருப்பம்போல் அதே மயிலை ஒட்டிக்கொண்டு வர வேண்டுமாம். "எனக்கு டைனோசர்தான் வேணும் அத்தை" என்றாள் சின்னவள். பிறகு அவளே யோசித்து, "வேண்டாம், மிஸ் திட்டுவாங்க" என்று மயிலுக்கு இறங்கி வந்தாள். மூன்றரை வயதில் என்ன ஒரு பக்குவம்!

அவள் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுப் பனியன் துணிக்கு ஒரு வாசம் உண்டு. சாயமும் ஸ்டீமும் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் கலந்தது. எந்த மாநிலத்துக்குப் போய் வந்தாலும் அது போகாது போலிருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் என் சேலையெல்லாம் அந்த வாசம்தான் அடிக்கும்.

பாலர் பள்ளி ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு, பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் டீச்சராகச் சேர்ந்தேன். பனியன் கம்பெனியில் டீச்சருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி அது. வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அறை இருந்தது. அதில் அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன. குழந்தைகள் செக்கிங் மேசைக்கு அடியில் இருந்தார்கள்.

சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் பெட்டிகளைக் காலி செய்து, சுவரில் ஒரு முயலை வரைந்து, என்னையும் பிடித்துப் போட்டார்கள். கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மைகள் வந்தன. சாவி மேனேஜர் துரைசாமியின் இடுப்பில். மிக மரியாதையான மனிதர். கொங்கு மரியாதையில் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், வாங்கிக்கொண்டு பாதி தூரம் நடந்த பிறகுதான் அது திட்டு என்றே உறைக்கும்.

"டீச்சர், பொம்மையெல்லாம் ஆடிட்டுக்குங்க. கவரப் பிரிச்சா பழசாயிருமுங்க. கொழந்தைக சும்மா பாத்துட்டு இருக்கட்டுங்க" என்றார்.

குழந்தைகள் ஒரு நாள் பார்த்தார்கள். அதற்குமேல் எந்தக் குழந்தை பார்க்கும்? மறுநாள் கட்டிங்கில் கழித்துப் போட்ட துணியை ஒரு கோணிப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விளையாட்டுகள் எதற்கும் அவர்கள் மசியவில்லை. ஆடுபுலி, ரயில் வண்டி எல்லாம் தோற்றுப்போயின. அவர்களே கண்டுபிடித்த விளையாட்டு, கம்பெனி. ஒருவன் வாயாலேயே ஓவர்லாக் மெஷின் ஓட்டுவான். ஒருத்தி கட்டிங். பலகையைக் கவிழ்த்துப் போட்டால் செக்கிங் மேசை. நான் சேர்த்தது ஒரே ஒரு விதி. பண்டல் கட்டிய துணி மேல் சொந்தக்காரர் பெயர் இல்லையென்றால் அது டேமேஜ், கழித்துவிட வேண்டியதுதான். டெய்லர் சாக்பீசால் அவரவர் பெயரை எழுதியே ஆக வேண்டும்.

செக்கிங்கில் இருந்த ரோஸ்மேரியின் மகள் ஜெபாவுக்கு ஐந்து வயது. தூத்துக்குடிப் பக்கம். ஊரில் யாரோ ஸ்கேலால் அடித்துப் பழக்கியதில் பென்சிலைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவள் தன் பண்டல் டேமேஜில் போவதைப் பொறுக்க மாட்டாமல் மூன்றாம் நாளே கறுப்புத் துணியில் தன் பெயரை எழுதினாள். எழுத்தெல்லாம் குடித்துவிட்டு நடப்பதுபோல் சாய்ந்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அழுவதற்கு யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

ரோஸ்மேரி மட்டும் பயந்துகொண்டே இருந்தாள். மேசைக்கடியில் குழந்தை தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று அதற்கும் தடை போட்டிருந்தார்கள். "யக்கா, இந்த ரூம்பு தொறந்திருந்தாத்தான் எம்புள்ள எங்கூட இருக்கும். மூடிட்டாவன்னா ஊருக்குத்தான் அனுப்பணும். இங்க யாரு இருக்கா பாத்துக்கிட?" என்பாள்.

ஆடிட் நாள் வந்தது. அலமாரி திறந்தது. பொம்மைகள் கவரோடு தரையில் வரிசையாக உட்கார்ந்தன. குழந்தைகளுக்குப் புதுச்சட்டை. வெள்ளைக்காரம்மாவும் மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பையனும் உள்ளே வந்தபோது, குழந்தைகள் பொம்மைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பெனி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜெபாதான் மேனேஜர். இடுப்பில் கை. அந்தத் தூத்துக்குடிப் பிள்ளை அச்சு அசல் துரைசாமி குரலில் பேசுகிறது.

"ஏனுங்க, ஆடிட் வருதுங்க! மாஸ்க்கப் போடுங்க! பொட்டியெல்லா ஒளிச்சு வைங்க! பொம்மையத் தொட்டா கையி ஒடிஞ்சு போயிருமுங்க!"

துரைசாமி இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். வெள்ளைக்காரம்மா கேட்க, சென்னைப் பையன் துரைசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளைக் குழந்தைகள் நடித்துக் காட்டுகிறார்கள் என்றானாம். அந்த அம்மா கைதட்டினார். ஜெபாவின் பண்டலைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல குழந்தைகள் அறையை எங்குமே பார்த்ததில்லையாம். ஆடிட்டில் பாஸ் என்றால் அப்படி ஒரு பாஸ். எல்லோருக்கும் மைசூர்பாகு.

மறுநாள் காலை அறை பூட்டியிருந்தது. அட்டைப்பெட்டிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன, குடிபுகுவதற்கு.

"சார், குழந்தைக?" என்றேன்.

"நல்லாப் பண்ணிட்டீங்க டீச்சர். இனி அடுத்த ஆடிட்டுக்குப் பாத்துக்கலாமுங்க. அதுவரைக்கும் நீங்க பேக்கிங்ல ஸ்டிக்கர் ஒட்டுங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக. கொஞ்சம் சுமாராக விளையாடியிருந்தால், திருந்தச் சொல்லி மறுபடி வந்து பார்த்திருப்பார்கள். அறை இன்னும் சில மாதம் திறந்திருக்கும். எங்கள் கெட்ட நேரம், பிரமாதமாக விளையாடிவிட்டோம்.

அந்த வாரம் முழுக்க ரோஸ்மேரி ஜெபாவைக் கம்பெனி கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பார்த்தாள். குழந்தை தினமும் வாட்ச்மேனிடம் கேட்டது ஒன்றுதான்.

"தாத்தா, இன்னைக்கி ஆடிட்டா?"

ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கம்பெனி கைமாறி, இடிபட்டு, இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்படி ஒரு விளையாட்டையும் நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. கட்டிங் துணியில் ஒரு துண்டுகூட இன்று சும்மா கிடைக்காது, எடை போட்டு விற்று லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். எந்தக் கம்பெனிக்குள் போனாலும் மேசைக்கடியில் குழந்தை கிடையாது. சுத்தமாக இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வரப் பழகிவிட்டார்கள்.

ஜெபா ஊருக்குப் போன அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் காதர்பேட்டைக் கடைத்தெருவில் ரோஸ்மேரியைப் பார்த்தேன். ஒரு கடை வாசலில் சிவப்புக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க டேப்பை வைத்துக் குழந்தைச் சட்டைகளின் அளவைச் சரிபார்க்கிறவள். காதில் போன். ஊரிலிருக்கும் தன் அம்மாவிடம் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அவ இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கா? கையக் காட்டாத, எனக்கு எப்பிடித் தெரியும்? வாயால சொல்லு!"