என்ற தொட்டி நெறஞ்சுதுங்க

கிட்டுசாமி இறந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் எது வந்தாலும் மருமகளிடம் நீட்டுவேன். முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்ற பிறகு யாரிடமும் கொடுப்பதில்லை. அன்றும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். 'காலமானார்' என்பது நீளமான சொல். தடுக்காமல் படித்துவிட்ட சந்தோஷத்தில் மருமகளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்கு உறைத்தது.

உங்களில் பலருக்கு எங்கள் இருவரையும் தெரியும். பீளமேட்டு ஒர்க்‌ஷாப் மாடியில், எலக்ட்ரானிக் பலகைகளை வைத்துக்கொண்டு விளக்கு எரியவிட்டும் மோட்டார் சுற்றவிட்டும் விளையாடுகிற கூட்டத்தில் நரைத்த தலை எங்கள் இரண்டுதான். அவர் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன். கம்பி வேலையில் நான் அவருக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் அவர் தமிழும் படிப்பார், இங்கிலீஷும் படிப்பார். நான் கம்ப்யூட்டரில் கலர் கட்டங்களைக் கோத்துத்தான் புரோகிராம் செய்வேன், மஞ்சளுக்குக் கீழே நீலம் என்று. அதனால் எல்லாரும் அவர் மேசையைத்தான் சுற்றி நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். அது அவருக்கும் தெரியும்.

புதுப் பலகை வாங்கியவர் முதலில் அதில் விளக்கை எரியவிட வேண்டும், அதன்பிறகுதான் அதன் பெருமையைப் பேசலாம் என்பது நம் கூட்டத்தின் வழக்கம். "மொதல்ல லைட்டு எரியட்டுங்க, அப்பறம் பேசலாம்" என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே கிட்டுசாமிதான். அவர் ஒரு புதுப் பலகையைக் கொண்டுவந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருந்தது. பச்சையும் நீலமுமாக ஒரு சின்ன விளக்கு மினுங்கியது. பிறகு அவர் ஆரம்பித்தார். வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் ஒட்ட வேண்டாம். கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறும். பேட்டரியை நேராக மாட்டலாம், சார்ஜும் அதுவே ஏற்றிக்கொள்ளும். கம்பி மாட்டுகிற ஒவ்வொரு காலின் பெயரும் இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கிறது. வேலை இல்லாதபோது தூங்கிவிடும், தூங்கும்போது மின்சாரம் துளிதான் செலவாகும்.

"நம்ம மாரப்பண்ணனாட்டத் தூங்குமுங்க. ஆனா கொறட்டை உடாது" என்று என்னைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தடவை கையில் கொடுங்கள் என்று கேட்டேன். "கண்ணு வெக்காதீங்கண்ணா, பலகை சூடாவுது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது எங்கள் இருவருக்கும் ஒரே போட்டி நடந்துகொண்டிருந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும், கீழிருந்து கரண்ட் இழுக்கக் கூடாது. என் பழைய பலகை தூங்கத் தெரியாதது. பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். அவர் புதுப் பலகையைச் சின்ன சோலார் தகட்டோடு மாடியில் வைத்தார். செய்தியைத் தன் வீட்டுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நம் குழு முழுவதற்கும் அனுப்பினார். மருமகள் அதைப் படித்துவிட்டு, சொல்ல முடியாமல் சிரித்தாள்.

"மாரப்பண்ணா, என்ற தொட்டி நெறஞ்சுதுங்க. உங்களுது?"

தினமும் காலையில் இதே செய்தி. என்னைக் கேலி செய்வதை இன்னொருவர் படித்துச் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது. முதியோர் வகுப்பில் நான் சேர்ந்தது இதனால்தான். அந்த வரியை முதன்முதலாக நானே படித்த காலையில் எனக்கு ஒரே ஆனந்தம். உடனே கோபமும் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் அந்தச் செய்தி வந்தது. அடுத்த நாளும் வந்தபோது சிலர் பதறிப்போனார்கள். இதை எப்படியாவது நிறுத்துங்கள், பார்க்கவே முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். நான் உக்கடத்தில் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் எனக்கு அந்தப் பலகையின் நினைப்புதான்.

அவர் மனைவி ருக்மணி என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். பலகை ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் இருந்தது.

"எடுத்துட்டுப் போயிருங்கண்ணா. உங்களுக்கு இதும் மேல ஒரு கண்ணுன்னு அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

"உங்களுக்கு அந்தச் சேதி சங்கடமா இருக்குதுங்களா அம்மணி?"

"சங்கடம் என்னங்க. நெறஞ்சா நெறஞ்சுதுங்குது. அதப் பாத்துத்தான் இன்னைக்கும் மோட்டார நிறுத்துனனுங்க."

டப்பாவைத் திறந்து பலகையைக் கையில் எடுத்தேன். அவர் இருந்தவரை ஒருநாளும் என் கைக்கு வராதது. காலின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். வகுப்பில் கற்ற இங்கிலீஷ் எழுத்துகள் அதற்குப் போதுமாக இருந்தன. கம்பியைக் கழற்றினால் பலகை என்னுடையது. நாளைக் காலை 'உங்களுது?' என்று என்னைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். கீழே இறங்கும்போது, "அவரு கெட்டிக்காரருங்க, இது நிக்காதுங்க" என்று அந்த அம்மணியிடம் சொன்னேன். கிட்டுசாமி உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை.

இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் செய்தி வரும் என்று ஞாயிறன்று கூட்டத்தில் கேட்டார்கள். மாடியில் வெயில் அடிக்கிற வரைக்கும் என்றேன்.

அதே மாதிரிப் பலகை ஒன்றை நானும் வாங்கினேன். முதலில் விளக்கை எரியவிட்டேன். பிறகுதான் மருமகளிடம் அதன் பெருமையைப் பேசினேன். பெயர் பார்த்துக் கம்பி மாட்டினேன். அனுப்ப வேண்டிய செய்தியையும் நானே எழுதினேன். 'நெறஞ்சுது' எழுத நெடுநேரம் ஆயிற்று.

கிட்டுசாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது காலையில் வருகிற அந்த ஒரு வரியும், அதைப் படித்ததும் பற்றிக்கொள்ளும் பொறாமையும். இரண்டையும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இன்று காலை உங்கள் கைப்பேசியில் இரண்டு செய்திகள் வந்திருக்கும். முதலில் வந்தது அவருடையது. அடுத்து வந்தது என்னுடையது: "கிட்டுசாமி, என்ற தொட்டியும் நெறஞ்சுதுங்க."

என் தொட்டி கொஞ்சம் பெரிது. அதனால்தான் தாமதம்.