சந்தியா இங்கே இல்லை

தலையில் முக்காடு, நடுப்பகல் லுஹர் தொழ ஏலக்காய்க் கொட்டிலில் ஓர் ஓரம், ஜெர்மன் மொழி, கடைசியில் சொந்தப் பெயர். மாத்தளையில் வெளிநாட்டார் பார்க்க வரும் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வேலைசெய்யும் பஸ்லா இவற்றை இந்த வரிசையில்தான் வென்றாள். வரிசை மாறிச் சொன்னால், தினமும் அவளை முச்சக்கர வண்டியில் கொண்டுபோய் விடும் அண்ணன் முஸம்மில் உடனே திருத்துவார்.

பஸ்லா ஆள் குள்ளம். நடக்கிற நடையிலேயே ஒரு கறுவா இலையைக் கிள்ளிக் கசக்கி வெள்ளைக்காரரின் மூக்கருகே நீட்டுவாள். "கண்ணப் பொத்திக்கிட்டு மணந்து பாருங்க" என்பதை ஜெர்மனில் சொல்வாள். அந்தப் பாஷையை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. வருகிறவர்களின் வாயைப் பார்த்தே பிடித்துக்கொண்டது. எட்டாம் வகுப்போடு நின்ற முஸம்மிலுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த வருடம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்பார்வையாளர் தர்சன் நெஞ்சில் குத்தக் கொடுத்த பெயர்ப் பட்டையில் 'சந்தியா' என்றிருந்தது.

"பஸ்லான்னு போட்டா பஸ்ஸே நிக்காதும்மா. முஸ்லிம் பேரப் பாத்தா கைடுமாரு மொகத்தச் சுளிக்கிறாங்க."

கொஞ்சக் காலம் குத்தினாள். ஒரு நாள் கழற்றி மேசையில் வைத்தாள்.

"உம்மாவும் வாப்பாவும் வெச்ச பேரு ஒன்னு ஈக்கி, சேர்."

அன்றே மிளகு புடைக்கும் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். இனியும் அடம்பிடித்தால் வீடுதான் என்றார்கள். உம்மாவின் மருந்து அந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகொரு நாள் ஜெர்மன்காரர் நிறைந்த பஸ்ஸொன்று வந்தது. அவர்கள் மொழி பேச வேறு ஆளில்லை. வாசலில் வண்டியோடு நின்ற முஸம்மில் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சந்தியா! ஓடி வா!" என்று தர்சன் கத்தினார்.

அவள் சுளகை நிறுத்தவில்லை.

"வெளையாடாத தங்கச்சி, மொதலாளி பாக்கிறாரு!"

"சந்தியான்டு இங்க ஆரும் இல்லயே, சேர். பஸ்லாவக் கூப்புடுங்க, வருவா."

வேலை போயிற்று என்றே முஸம்மில் நினைத்தார். வந்தவர்கள் மீண்டும் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். முதலாளி தாமே முற்றத்துக்கு இறங்கி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பஸ்லா!"

சுளகை வைத்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனாள்.

அந்த பஸ்ஸில் வந்த மூட்டுவலிக்கார மூதாட்டி ஒருத்திக்கு எண்ணெய் தடவும் முறையை எழுதிக் கொடுத்தாள். அந்தத் துண்டின் அடியில், அதுவரை தோட்டத்தார் சந்தியா என்றே எழுதவைத்த இடத்தில், முதல்முறையாகத் தன் பெயரில் ஒப்பமிட்டாள். 2023 ஓகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை.