கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி

கார் சர்வீஸ் என்பது நகத்தைக் கடிக்கும் தொழில். கடிப்பவர்கள் நீங்கள், தொழில் எங்களுடையது.

பாலக்காட்டில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். நடத்திக்கொண்டிருந்த ஜவுளிக் கடையை மூடிவிட்டு வந்தவனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வருகிற வண்டியைச் சுற்றிப் பார்த்து, வேலையையும் சேதங்களையும் ஜாப் கார்டில் எழுதி, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்ததும் வண்டியை ஒப்படைப்பது என் வேலை. நல்ல வண்டியைக் கொடுத்துவிட்டுக் கீறல் விழுந்த வண்டியை வாங்கிக்கொண்டு போனவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அன்று என் மேசை முன்னால் நின்று நீங்கள் பல்லைக் கடித்ததில் நியாயம் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கல்பாத்தி வக்கீல்

கார்டின் அடிப்பகுதியில் 'வரும்போதே உள்ள சேதங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. சேர்ந்த முதல் நாளே மேனேஜர் எனக்கு அதன் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தார். இருக்கிற கீறல்களை எல்லாம் எழுது. ஆனால் கடைசிக் கீறலுக்கும் சொந்தக்காரரின் கையெழுத்துக்கும் நடுவில் எப்போதும் இரண்டு வரி காலியாக விடு. வண்டி உள்ளே இருக்கும்போது எங்கள் ஆட்கள் எங்காவது இடித்துவிட்டால், அந்த இடத்தை அதே பேனாவால் அந்த வரியில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். சேதம் எங்களுடையது அல்ல, வரும்போதே உள்ளது.

நான் அப்படி முதலில் ஏற்றியது கல்பாத்தி வக்கீல் ஒருவரின் வண்டியில். இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அவர் கதவைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கார்டைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கார்டை மடித்து மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பொய் சொல்றவாளைக் கோர்ட்டுலே தினமும் பாக்கறேன். பொய்க்குக் கார்டு அச்சடிச்சு வெச்சிருக்கறவாளை இன்னிக்குத்தான் பாக்கறேன், ஓய்!"

கல் வைக்கும் மேஸ்திரி

எங்கள் மேஸ்திரி ஞானமுத்து மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மலைப் பனியில் அவர் மனைவிக்கு மூச்சு இழுத்தது. இன்னொரு குளிர்காலம் அங்கே தாங்காது என்று டாக்டர் சொன்னதால், எஸ்டேட் வேலையையும் அங்கே கொடுத்திருந்த லைன் வீட்டையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கீழே இறங்கியவர். என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்வார். அவர் தொட்ட வண்டி அடுத்த சர்வீஸ்வரை முனகாது.

ஆனால் மலைப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எஸ்டேட்டில் எந்த வண்டியை நிறுத்தினாலும் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தானாகவே பள்ளத்துக்குப் போய்விடும். கை பிரேக்கை அங்கே யாரும் நம்புவதில்லை. பாலக்காட்டுச் சமதரையிலும் ஞானமுத்து கியரில் போட்டார், கல் வைத்தார். ஒருநாள் கல்லை எடுக்க மறந்துபோனதில், பக்கத்துச் சித்தூர் டாக்டர் ஒருவர் அதன்மேல் வண்டியை ஏற்றிச் சைலன்சரை வளைத்துக்கொண்டார். இறங்கி வந்து, குனிந்து, கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேஸ்திரி, இந்த ஊரு மேசை மாதிரி சமமா கெடக்கு. உம்ம கல்லு ஒண்ணுதான்யா இங்க மலை!"

இரண்டாவது பராதி

அடுத்த மாதம், ஞானமுத்து கியரில் நிறுத்தியிருந்த ஒரு ஃபியட்டை எங்கள் டிரைவர் கிளட்ச்சை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தார். அது தவளைபோல் ஒரு தாவு தாவி எண்ணெய் டிரம்மில் முட்டியது. சொந்தக்காரர் பெரிய இடம். என் இரண்டு வரி அவரிடம் எடுபடவில்லை. மேனேஜர் ஞானமுத்துவை என் மேசைக்கு முன்னாலேயே நிறுத்திப் பேசினார். அவர் மலையாளி, புகாரைப் பராதி என்பார், 'நீ' என்பதைத் 'தான்' என்பார். சித்தூர் டாக்டருடையது முதல் பராதி, இது இரண்டாவது. மலை என்ற சொல் வந்ததும், ஞானமுத்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். குளிர்காலத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணினாரோ என்னவோ. மேனேஜர் சொன்னது இதுதான்: "எடோ ஞானமுத்து, இனி ஒரு பராதி வந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன். தான் மலைக்கே திரும்பிப் போய்க்கோ."

எருத்தேன்பதி அம்மாளின் பதின்மூன்று

எருத்தேன்பதியில் நிலக்கடலையும் கரும்பும் போடுகிற மயிலாத்தாள் அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் தோட்டத்தையும் அவருடைய சாம்பல் நிற அம்பாசிடரையும் தானே நிர்வகித்தவர். டிரைவர் ஓட்டுவார், இந்த அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வருவார். படிக்கத் தெரியாது. பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் போடுவார்.

வண்டியை விடும்போது சேதங்களை நான் தேட வேண்டியதில்லை. அவரே சொல்வார், நான் எழுத வேண்டும். "ஒண்ணு, மயிலைக் காளை கொம்புல கீறுனதுங்க, இடது கதவு. ரெண்டு, மேல்கூரை. எளநி உளுந்தது. மூணுல இருந்து எட்டு வரைக்கும் எங்கூட்டுக்காரரு ஓட்டிப் பழகுனதுங்க. எட்டோட நானே போதுமுங்கன்னு சொல்லி டிரைவரைப் போட்டுட்டேன்." ஒன்பதாவது, டிரைவர் பக்கத்து ஜன்னல் விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள். கணவர் கையை வெளியே தொங்கப் போட்டு மோதிரத்தால் தாளம் தட்டிக்கொண்டே வருவாராம். பதின்மூன்று வரை எழுதி முடித்தேன். வழக்கம்போல் இரண்டு வரி விட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த வெற்றிடத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். "நல்லா எழுதி வெச்சுக்குங்க தம்பி. பொறவு உங்களுதா எங்களுதான்னு நமக்குள்ள சண்டை வேண்டாமுங்க."

பின்னால் போன வண்டி

வேலை முடிந்து வண்டி கொட்டகையில் நின்றது. மூன்று மணிக்கு அம்மாள் வருவார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வண்டியை முன்வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. மேசைக்காரன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. அப்புறம் ஏன் தொட்டேன்? இத்தனை பேருடைய வண்டிகளைப் பற்றி எழுதியும் ஒரு வண்டிக்குள் சொந்தக்காரனைப்போல் உட்கார்ந்ததில்லை என்பதாலா? சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் அந்த மோதிரக் குழிகளின்மேல் கையைக்கூட வைத்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். ஞானமுத்து அதை ரிவர்ஸ் கியரில் போட்டு வைத்திருந்தார். வண்டி பின்னால் பாய்ந்து தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூலையில் முட்டி நின்றது.

சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்த ஞானமுத்து என்னைத் திட்டவில்லை. டிக்கிக்குள் புகுந்து மரச் சுத்தியலால் நசுங்கலை உள்ளிருந்து தட்டினார். பாதி நிமிர்ந்தது. பெயிண்ட் உதிர்ந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. பெயிண்ட் அடித்துக் காய வைக்க நேரமில்லை. நான் மேசைக்குப் போய்க் கார்டை எடுத்தேன். இரண்டு வரி காத்துக்கொண்டிருந்தது. 'பதினான்கு: டிக்கி மூடியில் நசுங்கல்' என்று எழுதினேன். இது வெளியே தெரிந்தால் மூன்றாவது பராதி, ஞானமுத்துவின் வேலை போய்விடும், அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடித்தவன் நான் என்று ஒரு வார்த்தை சொன்னாலே அவர் வேலை பிழைக்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஞானமுத்துதான் சொன்னார்: "எழுதாதிய சார். அந்த அம்மா ஒண்ணு ரெண்டுன்னு புள்ளைய எண்ணுத மாதிரி எண்ணிட்டுப் போயிருக்கு."

தொட்டுக்கொண்டே ஒரு சுற்று

மயிலாத்தாள் வண்டியைத் திரும்ப வாங்கும் முறையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் டிரைவர்தான் வந்து எடுத்துப்போவார். "படிங்க தம்பி," என்றார். நான் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, அவர் வண்டியைச் சுற்றி நடந்து அந்தந்த இடத்தைத் தொட்டார். மேனேஜர் மரியாதைக்காக வெளியே வந்து நின்றார். ஞானமுத்து கொட்டகை ஓரத்தில் நின்றார். ஒன்பதைப் படித்தபோது அம்மாள் மோதிரக் குழிகளைத் தடவினார். சற்று முன் என் கை இருந்த இடம். பதின்மூன்றைப் படித்து முடித்தபோது அவர் வண்டியின் பின்புறம் வந்திருந்தார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்த நசுங்கலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். "பதினாலு, டிக்கி மூடியில் நசுங்கல்," என்று படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பதினாலா? இது ஆரு சொன்னதுங்க?" என்றார். மேனேஜர் முந்திக்கொண்டார்: "அம்மா, கார்டுல இருக்கற ஒப்பு உங்களோடதல்லே?" அம்மாள் கார்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் இவ்வளவு நேரம் ஒரு தாளைப் பார்ப்பதை அன்றுதான் கண்டேன். பிறகு விரலை என் பதினான்காவது வரியின்மேல் சரியாக வைத்தார். "ஒப்பு என்ரதுதானுங்க. நான் ஒப்புப் போட்டப்ப இந்த எடம் வெறுசா கெடந்துச்சுங்க. ரெண்டு பாத்திய சும்மா உட்டு வெச்சா அதுல என்னமோ மொளைக்கப் போகுதுன்னு நான் அன்னைக்கே நெனச்சனுங்க!"

இடித்தவர்

கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி ஞானமுத்து முன்னால் வந்தார். "இடிச்சது நாந்தாம்மா. கியர்ல போட்டு வச்சதும் நாந்தான்," என்றார். மேனேஜர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் எத்தனை மூச்சு விட்டேன் என்று பின்னாளில் பலமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று இருக்கும். ஒரு மூச்சிலேயே சொல்லியிருக்கலாம். "பாதி பொய். கியர்ல வெச்சது அவர். இடிச்சது நான். எழுதினதும் நான்," என்றேன். மேனேஜர் கண்ணைத் திறந்தார். "தானா? தனக்கு வண்டி ஓட்டத் தெரியுமோ?" நான் பதில் சொல்வதற்குள் அம்மாள் சொன்னார்: "தெரிஞ்சிருந்தா இடிச்சிருப்பாருங்களா?"

சிரிக்க வேண்டிய நேரமில்லை. இருந்தும் கொட்டகைக்குள் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் முகம் சிவந்து, இரண்டு பேரையும் இன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அம்மாளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ஞானமுத்து காலண்டர் இருக்கும் சுவரைப் பார்த்ததை நான் பார்த்தேன். அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதென்னங்க அப்படிச் சொல்றீங்க? இவிங்களை அனுப்பிச்சுட்டுப் புதுசா ஒருத்தரைக் கூட்டியாந்து, அவரு என்ர வண்டியில இடிச்சுப் பழகோணுமுங்களா? இவிங்க ரெண்டு பேரும் இருந்தாத்தான் நான் இங்க வருவேனுங்க."

தெரியாதது

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து வருகிற பத்துப் பன்னிரண்டு வண்டிகளும் மயிலாத்தாள் எங்கே விடுகிறாரோ அங்கேதான் விடப்படும் என்பது மேனேஜருக்குத் தெரியும். நாங்கள் இருந்தோம். ஞானமுத்து அந்த டிக்கி மூடியைக் கழற்றி, நிமிர்த்தி, மூன்று நாள் உரசிப் பெயிண்ட் அடித்தார். விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வருடக் குளிர்காலத்தில் அவர் மனைவி நிம்மதியாக மூச்சு விட்டார். கியரில் போடுவதை ஞானமுத்து நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைக்கத் தொடங்கினார். துணி இருந்தால் வண்டி கியரில் இருக்கிறது என்று அர்த்தம். நானும் கையெழுத்துக்கு மேலே வரி விடுவதை நிறுத்தினேன். மேனேஜர் அதைக் கவனித்தும் விட்டுவிட்டார்.

அடுத்த சர்வீஸுக்கு மயிலாத்தாள் வந்தபோது கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்று வரை சொன்னார். நான் கார்டைக் கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பதினாலு," என்றார் உரக்க. "டிக்கி மூடி. இந்தத் தம்பி பொறவால போயி இடிச்சது." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது சரியாகிவிட்டதே, இப்போது தெரியவே தெரியாதே அம்மா என்று மெதுவாகச் சொன்னேன். "தெரியறதை ஆரு வேணுமின்னாலும் பாத்துக்குவாங்க தம்பி. தெரியாததைத்தானுங்க எழுதி வெக்கோணும்."

நான் வேலையை விடும்வரை ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதை எழுதினேன். அந்த மேசையில் நான் எழுதிய ஆயிரம் சேதங்களில் எப்படி வந்தது என்று நான் சத்தியம் செய்து சொல்லக்கூடியது அந்த ஒன்றுதான், அதைத் தேடினால் வண்டியில் கிடைக்காது.