மீன் கத்தியால் திறந்த புத்தகம்

அந்த வாரம் முழுவதும் செலஸ்ரீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு புத்தகம். புத்தகத்தைக் கண்டால் சோற்றை மறக்கிற பெண்தான் அவள், ஆனாலும் இந்தத் தடவை வயிற்றைக் கட்டிப்போட்டது பயம்.

முதலில் ஆள் யாரென்று சொல்லிவிட வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டில் இலோயிலோ என்ற ஊர்க்காரி. வயது நாற்பத்து நான்கு. அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்து ரீச்சராக இருந்தவள், இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து ஏழு வருடமாக வீட்டு வேலை செய்கிறாள். சீசா என்ற பகுதியில் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டை மன்னார்க்காரி புனிதமலரோடு பங்கு போட்டிருந்தாள். ஞாயிற்றுப் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தொடங்கிய பழக்கம் அது. இவளுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இவளுடைய பாஷை தெரியாது. வேலை வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராமாரிடம் பொறுக்கிய இத்தாலியனில்தான் இருவரும் சண்டை பிடித்தார்கள், சமாதானமும் ஆனார்கள். அந்த இத்தாலியனை அப்படியே எழுதினால் இத்தாலிக்காரருக்கே விளங்காது. ஆகவே இந்தக் கதையில் எல்லோரும் தமிழிலேயே கதைக்கட்டும்.

செலஸ்ரீனாவின் வாசிப்பு கருவாட்டில் தொடங்கியது. கடையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றி வரும் கருவாட்டைத் தாய் எடுப்பாள், மகள் தாளை எடுப்பாள். தொடர்கதையின் பாதி அந்தத் தாளில் இருக்கும். மீதிப் பாதி எந்த வீட்டுக் கருவாட்டோடு போனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படி முடிவு தெரியாமல் நின்றுபோன கதைகள்தான் தன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கின என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கையில் எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைக்க அவளால் முடியாது.

அவர்கள் ஊரில் வருடப் பிறப்பன்று மேசையில் பன்னிரண்டு உருண்டைப் பழங்கள் வைப்பார்கள், மாதத்துக்கு ஒன்றாக. செலஸ்ரீனா பழத்தை வைத்த கையோடு கொப்பியை எடுத்து, அந்த வருடம் பன்னிரண்டு இத்தாலியன் புத்தகம் முடிப்பேன் என்று எழுதிக் கையெழுத்தும் போடுவாள்.

“சியாகுல்லி மன்டரீன் தோடம்பழம் பன்னிரண்டை வைச்சால் முடிஞ்சுது. ஏன் கடை கடையாய் அலையிறியள்?” என்று புனிதமலர் ஒவ்வொரு வருடமும் கேட்பாள்.

“பன்னிரண்டும் வேறை வேறையாய் இருக்க வேணும். ஒரே புத்தகத்தைப் பன்னிரண்டு தரம் வாசிக்கலாமோ?”

புத்தகங்கள் வந்தது வேலை வீட்டிலிருந்து. சிஞ்ஞோரா அதேலேயின் கணவர் உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்தவர், மூன்று வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய அறையில் மூன்று சுவருக்கும் அலமாரி. தூசி தட்டும்போதே செலஸ்ரீனா எண்ணிவிட்டாள்: இன்னும் வாசிக்காதவை அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அத்தனையையும் வாசித்து முடிப்பதுதான் அவளுடைய வாழ்க்கை இலட்சியம். வருடத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஐம்பத்தொரு வருடம் வேண்டும்.

“தொண்ணூற்றஞ்சு வயசிலை கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வாசிப்பியளாக்கும்” என்றாள் புனிதமலர். “அதுவரைக்கும் சிஞ்ஞோராவும் சாகக்கூடாது, பஸ்ஸும் ஓட வேணும்.”

எடுத்து வாசிக்கச் சொன்னது சிஞ்ஞோராதான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எப்பிடி எடுத்தியோ அப்பிடியே திருப்பி வை.” செலஸ்ரீனா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கொண்டுவரும் புத்தகத்துக்கு அன்றைக்கே கண்ணாடிப் பிளாஸ்ரிக்கில் உறை போடுவாள். அவர்கள் ஊரில் புதுப் புத்தகத்துக்குச் செய்கிற மரியாதை அது. திருப்பிக் கொடுக்கும்போது உறையைக் கழற்றுவாள். ஏழு வருடத்தில் ஒரு பக்கமும் மடங்கியதில்லை.

அப்படிப்பட்டவள் கையில் 1996 ஒக்ரோபரில் அந்தச் சாம்பல் நிறப் புத்தகம் அகப்பட்டது. கீழ்த் தட்டில் கிடந்த ஒல்லியான புத்தகம். ஏ. குஸ்மானோ என்று ஆசிரியர் பெயர். விரித்துப் பார்த்தால் தாள்கள் மேலேயும் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொண்டு இருந்தன. கடித உறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துத்தான் இரண்டு வரி வாசிக்க முடிந்தது.

செலஸ்ரீனாவுக்கு இது பழகிய விஷயம். இலோயிலோவில் மலிவு அச்சகத்துப் பாடப் புத்தகங்கள் இப்படித்தான் வெட்டுப்படாமல் வந்து சேரும். பிள்ளைகள் வருமுன் அடிமட்டத்தை வைத்துக் கிழித்துச் சரிசெய்வது ரீச்சரின் முதல் நாள் வேலை. பாவம், இதையும் அச்சகத்தான் பிழைவிட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். வியாழக்கிழமை பின்னேர விடுமுறையில் புனிதமலரின் மீன் கத்தியை எலுமிச்சம்பழம் போட்டு மூன்று தரம் கழுவி, காய்ந்த மாடு கம்பில் விழுந்தமாதிரி விழுந்தாள். சில பக்கம் நேராக வந்தது. சில பக்கம் எலி கடித்ததுபோல வந்தது. இரண்டு வாரத்தில் வாசித்து முடித்துக் கொப்பியில் பத்தாவது புத்தகம் என்று குறித்தாள்.

சந்தோஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தையில் ஒரு புத்தகத் தட்டுக்காரரிடம் வேலை செய்கிற கிறிகோரி, புனிதமலரின் ஊரவன். அவனிடம் போய்த் தன் கைவேலையைப் பெருமையாகச் சொன்னாள்.

கிறிகோரி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். “ஐயோ அக்கா, வெட்டிப்போட்டியளோ?”

“ஏன், பழுதுதானே?”

“பழுதில்லை. அந்தக் காலத்துப் புத்தகம் அப்பிடித்தான் வரும். வாங்கினவர்தான் வெட்டுறது. வெட்டாமல் வைச்சிருக்கிறவை வேணுமெண்டுதான் வைச்சிருப்பினம். எங்கடை முதலாளியெண்டால் கையாலை தொடவும் விடமாட்டார்.”

“திருப்பி ஒட்டேலாதோ?”

“வெட்டின தலைமயிரை ஒட்டுற மாதிரித்தான்.”

வீட்டுக்கு வந்த வழி அவளுக்கு நினைவில்லை. எப்படி எடுத்தாயோ அப்படியே வை என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது.

பட்ட காலிலே படும் என்பார்கள். திங்கட்கிழமை சிஞ்ஞோரா கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: “சனிக்கிழமை மருமகன் வாறான். என்ரை மனுசன்ரை புத்தகங்களையெல்லாம் ஒரு நூலகத்துக்குக் குடுக்கப் போறம். அந்தச் சாம்பல் புத்தகம் மட்டும் எனக்கு வேணும். தட்டிலை காணேல்லை. நீ வைச்சிருக்கிறியோ?”

“ஓம், சிஞ்ஞோரா.”

“வெள்ளிக்கிழமை கொண்டுவா. உன்ரை பேர்மெஸோக் கடிதத்தையும் அண்டைக்கே எழுதித் தாறன்.”

அறுநூற்றுப் பன்னிரண்டும் போகப்போகிறது என்று துக்கப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடிதம்தான் தலையில் ஏறி நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை, நாட்டில் தங்கும் அனுமதியான பேர்மெஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் பொலிஸ்காரர் பைலைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள். பேர்மெஸோ இல்லையென்றால் ஒளித்துத் திரிய வேண்டும், அல்லது ஊருக்கு ஏற வேண்டும். இவள் அனுப்பும் காசில் மகள் அங்கே நேர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஒரு மீன் கத்தி இவ்வளவையும் வெட்டுமென்று யார் கண்டது?

அந்த நான்கு நாளும் அவள் பட்ட பாடு நாய் படாது. பழைய சஞ்சிகை ஒன்றைக் கிழித்து மாப்பசை பூசி ஒட்டிப் பார்த்தாள், அது அப்பளம்போலச் சுருண்டது. எலி கடித்த ஓரங்களை மெல்லிய சூட்டில் அயர்ன் பண்ணிப் பார்த்தாள், நேரான எலிக்கடிதான் மிஞ்சியது. வேறு ஒரு பிரதி வாங்கி வைத்துவிடலாம் என்று கிறிகோரியை ரயில் ஸ்தாசியோனே பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளுக்கெல்லாம் அனுப்பினாள். குஸ்மானோ என்ற பெயரையே ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது. ஒருவருக்கும் தெரியாத புத்தகம் என்றால் எவ்வளவு அரிய புத்தகமாக இருக்கும்!

வியாழன் பின்னேரம் புனிதமலர் பொறுமை இழந்தாள். “அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நாளைக்குக் கடிதத்தை வாங்குங்கோ. புத்தகம் எங்கையெண்டு கேட்டால் மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவுக்குப் போட்டு வந்து ஆறுதலாய்க் குடுங்கோ. அதுக்குப் பிறகு அவ கத்தட்டும்.”

“அது பொய்யெல்லோ?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் கட்டலாமெண்டால், ஒரு பொய் சொல்லிப் பேர்மெஸோ எடுக்கேலாதோ?”

செலஸ்ரீனா தலையாட்டினாள். மறந்துபோனன், சிஞ்ஞோரா. மறந்துபோனன், சிஞ்ஞோரா. வெள்ளிக்கிழமை காலை பஸ் முழுவதும் சொல்லிப் பழகினாள். ஆனால் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. அதை வீட்டில் விட்டுவர ஏன் மனம் வரவில்லை என்று அவளுக்கே தெரியாது.

சிஞ்ஞோரா கணவரின் மேசைக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள். கடிதம் எழுதி முடிந்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. “பிழையிருக்கோ எண்டு பார்” என்று சத்தமாக வாசித்தாள். ஏழு வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறாள், ஒழுங்கானவள், முழு நம்பிக்கைக்கு உரியவள் என்று கடிதம் போனது. நம்பிக்கை என்ற இடத்தில் செலஸ்ரீனா பையை இறுக்கிப் பிடித்தாள்.

“சரி. புத்தகம்?” என்றாள் சிஞ்ஞோரா, பேனாவைத் திறந்தபடி.

பழகிய பொய் வரவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “நான் வெட்டிப்போட்டன், சிஞ்ஞோரா. தாளெல்லாம் ஒட்டியிருந்தது. அச்சகத்தான்ரை பிழையெண்டு நினைச்சன். எப்பிடி எடுத்தனோ அப்பிடி வைக்கேலாமல் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

சிஞ்ஞோரா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். வெட்டிய தாள்களின் ஓரங்களைத் தடவினாள். “எல்லாம் ஒட்டியிருந்ததோ?”

“ஓம். முதல் தாளிலையிருந்து கடைசித் தாள்வரை.” குற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று செலஸ்ரீனா அவசரமாகச் சேர்த்தாள்: “ஒருத்தரும் கை வைக்கேல்லை, சிஞ்ஞோரா. ஒரு பக்கம்கூடத் திறபடேல்லை. அதாலைதான் பழுதெண்டு நினைச்சன்.”

“ரெண்டு தரம் வாசிச்சனான் எண்டு சொன்னவர்” என்றாள் சிஞ்ஞோரா.

“ஆர்?”

“என்ரை மனுசன். குஸ்மானோ எண்டது என்ரை தேப்பன் வழிப் பேர். கலியாணம் கட்டின வருசம் அச்சடிச்சது, ஐம்பத்தஞ்சாம் ஆண்டு. மிச்சப் பிரதியெல்லாம் வீடு மாறேக்கை போச்சு. இது அவருக்குக் குடுத்தது. அவரின்ரை தட்டெண்டு நான் தொடுறேல்லை. வடிவாய் எழுதியிருக்கிறாய், ரெண்டு தரம் வாசிச்சிட்டன் எண்டு சொன்னவர்.”

தான் என்ன செய்துவிட்டோம் என்று செலஸ்ரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறக்காமல் புத்தகத்தை மட்டும் நீட்டியிருந்தால், வெட்டிய பக்கங்களைக் கண்டு இந்தக் கிழவி தன் மனுசன் வாசித்ததாகவே நம்பிச் செத்திருப்பாள். ஒரு பொய் இருவரையும் காப்பாற்றியிருக்கும். இனி ஒட்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கையெழுத்தில்லாத கடிதம் மேசையில் கிடந்தது.

“நீ கடைசிவரை வாசிச்சியோ?”

“ஓம்.”

“எப்பிடி இருந்தது?”

வடிவாய் இருந்தது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். கடிதமும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னமே ஒருவர் சும்மா சொல்லி வைத்திருக்கிறார். செலஸ்ரீனா கையைப் பிசைந்தாள்.

“மூண்டாம் அத்தியாயம் நீளம் கூட, சிஞ்ஞோரா” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “உப்பளத்தையே இருபது பக்கம் சொல்லியிருக்கு. எனக்கு அலுத்துப்போச்சு. ஆனால் நடு மகள் தாய்க்குத் தலை தோய்ச்சுவிடுற இடத்திலை பஸ்ஸுக்குள்ளை அழுதிட்டன். இறங்கிற இடமும் தவறி, ரெண்டு தரிப்பு நடந்து வந்தனான். அண்டைக்குப் பிந்தி வந்ததுக்கு நீங்கள் ஏசினீங்கள்.”

சிஞ்ஞோரா பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோணலாகப் போனது. தாளை இவள் பக்கம் தள்ளினாள்.

செலஸ்ரீனா அதை இரண்டு கையாலும் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். தூசித் துணியை எடுக்கத் திரும்பினாள்.

“எங்கை போறாய்?” என்றாள் சிஞ்ஞோரா. கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் வழக்கமான அதட்டல். “துணியை வைச்சிட்டு இதிலை இரு. எந்தப் பக்கத்திலை உனக்கு அலுத்ததெண்டு காட்டு.”

செலஸ்ரீனா கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். எழுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, எலி கடித்த ஓரத்தை விரலால் நீவி, வரியைக் காட்டினாள்.