மதகுப் பூதத்தின் உதடு

தெருப் பிள்ளைகள் அவரைப் பூதக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பூதமும் அரக்கனும் இறக்கை வைத்த குதிரையும் வரைந்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கதைப் புத்தகம் போடுகிறவர்கள், செல்போன் விளையாட்டு செய்கிறவர்கள் என்று யாராவது வந்து, "ஒரு பிசாசு வேணும் சார், ஆனா பார்த்தா பாவமா இருக்கணும்" என்பார்கள். அந்தப் பிசாசு எதைத் தின்னும், எப்படிப் படுக்கும், முதுகு அரித்தால் எந்தக் கையால் சொறியும் என்றெல்லாம் மாடியறையில் உட்கார்ந்து யோசித்து வரைவார். பென்சிலைத் தொடுமுன் கண்ணை மூடி ஒரு கும்பிடு. பூதம் வரையவும் படைத்தவன் துணை வேண்டும் என்பார்.

அந்த முறை ஒரு விளையாட்டுக் கம்பெனியம்மா, மதகைக் காக்கும் பூதம் ஒன்று கேட்டிருந்தார். எத்தனை வரைந்தும் ஒப்பவில்லை. "கோபமே வரலை சார். வயித்துவலிக்காரன் மாதிரி நிக்கிறான்" என்று திருப்பிவிட்டார். கடைசியில் ஒரு மத்தியானம் கை தானாக ஓடியது. நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, கீழுதடு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஒரு முகம். அனுப்பிய சூட்டோடு பதில் வந்தது. "இவன்தான் சார். ஒரு கோடுகூட மாத்தாதீங்க."

சந்தோஷத்தில் அதைத் தாளில் அச்செடுத்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஈரத் துணியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது எங்க அண்ணன்."

உண்மைதான். கல்யாணமான புதிதில் இதே வீட்டு வாசலில் மைத்துனர் நின்று, "பேய் பிசாசு கிறுக்குறவனை நம்பி வந்தியே, நாளைக்கு எதைத் தின்பே?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு அற்றுப்போனது. பூதக்காரர் கிட்டத்தில் நின்று பார்த்த கோபம் அது ஒன்றுதான். கோபம் வேண்டும் என்றதும் கை அதைப் போய் எடுத்துவந்துவிட்டது.

இப்போது அதே அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தானாகவே போன் பண்ணியிருந்தார். அதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய் தகப்பன் அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். பிறந்த வீடு என்று மிச்சம் அந்த ஒருவர்தான்.

பூதக்காரர் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தார். "முகத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக்கட்டுமா மேடம்?"

"அந்த முகத்துக்குத்தான் சார் இவ்வளவு நாள் காத்திருந்தேன். அதை மாத்தினா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை தாளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

மைத்துனர் தலை முழுக்க நரைத்து வந்திருந்தார். தண்ணீர் குடித்தார். வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினார். பிறகு, "மாப்பிள்ளை, உங்க வேலையைப் பார்க்கணும்" என்றார்.

"சும்மா கிறுக்கல் மச்சான். மாடியெல்லாம் தூசி."

"கிறுக்கல்னு சொன்னது நான். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

"படி செங்குத்தா இருக்கும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்…"

மைத்துனர் எழுந்துவிட்டார். "இன்னும் கோபம் தீரலையா? சொல்லிடுங்க, கிளம்பிடறேன்."

காட்டினாலும் போச்சு, காட்டாவிட்டாலும் போச்சு. அவள்தான், "வாண்ணா, நான் காட்டறேன்" என்று முதல் படியில் கால் வைத்தாள்.

மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார் மைத்துனர். "இது குதிரையா, கழுதையா?"

"அது அவங்க வீட்டு விவகாரம் மச்சான், நான் கேட்டுக்கலை."

மைத்துனர் சிரித்தார். சிரித்தபடியே திரும்பியவர் கண்ணில் அந்தத் தாள் பட்டது. "அது என்ன, சுவரைப் பார்த்து நிக்குது?"

அவளே போய் அதைத் திருப்பினாள்.

மைத்துனர் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

"அப்பா" என்றார். "அவருக்குக் கோபம் வந்தா உதடு இப்படித்தான் போகும். கதவுக்குப் பின்னாடி நின்னு இந்த உதட்டைத்தான் பார்ப்பேன்." பிறகு திரும்பினார். "ஆனா மாப்பிள்ளை, நீங்க அப்பாவைப் பார்த்ததே இல்லையே?"

பூதக்காரர் தலை குனிந்தார். மைத்துனரின் விரல் மெல்லத் தன் கீழுதட்டுக்குப் போனது.

"எனக்கும் இப்படித்தான் வருதா?"

"வாசல்ல நின்னியே, அன்னைக்கு வந்துச்சு" என்றாள் தங்கை.

இறங்கிப் போய்விடுவார் என்றுதான் பூதக்காரர் நினைத்தார். ஆண்டவனே ஆண்டவனே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனர் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியாது பாப்பா. கண்ணாடி முன்னாடி யாரு கோபத்தோட நிக்கறா?"

சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பெயர் அது. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

"மன்னிச்சிடுங்க மச்சான். மாத்த நினைச்சேன், கம்பெனியில விடமாட்டேங்கறாங்க."

"மாத்தாதீங்க. இருக்கட்டும்." மறுபடி படத்தைப் பார்த்தார். "இவன் கடைசில சாவானா?"

"தெரியலை. கதை அவங்களோடது."

"சாகடிக்க வேண்டாம்னு சொல்லிப் பாருங்க." பிறகு, "பல்லு மட்டும் தப்பு. அப்பாவுக்கு இவ்வளவு பல்லு ஏது" என்றார்.

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிட வாண்ணா, ஆறிடும்" என்று அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் அந்தச் செங்குத்துப் படியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பூதக்காரர் தாளைச் சுவர்ப்பக்கம் திருப்பாமலே விளக்கை அணைத்தார்.